கை தூக்கிய கணக்கையும் சொல்லுங்கள்: நகர்மன்ற உறுப்பினருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய நகர்மன்ற உறுப்பினர் அவர்களுக்கு,

வணக்கம். மறுபடியும் தேர்தலில் நிற்பதாகச் சொல்லி, உங்கள் பதவிக்காலத்தில் நடந்த வேலைகளின் பட்டியலை வீடு வீடாகக் கொடுத்திருக்கிறீர்கள். ஒரு வரி விடாமல் படித்தேன். தெருவிளக்கு, தார்ச்சாலை, பேருந்து நிழற்குடை எல்லாம் நடந்தவைதான், மறுக்கவில்லை. ஆனால் ஊர் இந்த அளவுக்கு விரிந்ததே, அதில் நீங்கள் எதற்கு ஆதரவாகக் கை தூக்கினீர்கள், எதை எதிர்த்தீர்கள் என்று ஒரு வார்த்தைகூட இல்லை. தார் பெயர்ந்தால் அடுத்து வருபவர் போட்டுக்கொள்வார். நீர்நிலை ஓரத்து நிலத்தை மனையாக மாற்ற ஒருமுறை தீர்மானம் போட்டுவிட்டால் அதை யாராலும் திருப்ப முடியாது. அதனால்தான் எனக்கு இந்தக் கணக்கு முக்கியமாகப் படுகிறது.

ஓடையை ஒட்டி வந்த மனைப்பிரிவையே எடுத்துக்கொள்வோம். உள்ளே மழைநீர் வடிகால் அழகாகக் கட்டியிருக்கிறார்கள், மேலே சிலாப் போட்டு மூடியும் இருக்கிறார்கள். அந்த வடிகால் மதில்சுவர் வரை வந்து அங்கேயே நின்றுவிடுகிறது. அதற்கப்பால் ஓடைக்கு இணைப்பு கிடையாது. மழை பெய்தால் அத்தனை தண்ணீரும் பக்கத்துத் தாழ்வான சந்துக்குள்தான் இறங்குகிறது. பல ஆண்டுகளாகத் தண்ணீர் ஏறாத வீடுகள் அவை. இப்போது அங்கே கட்டில் கால்களுக்கு அடியில் செங்கல் வைத்திருக்கிறார்கள், வாசலில் மணல் மூட்டை அடுக்கியிருக்கிறார்கள். புதிதாக மனை வாங்கியவர்கள் மேல் எந்தத் தப்பும் இல்லை. வடிகால் எங்கே போய்ச் சேரும் என்று கேட்காமல் அனுமதி தந்தது மன்றம். அந்த மன்றத்தில் நீங்களும் இருந்தீர்கள்.

இது யாரும் எதிர்பார்க்க முடியாத விபத்து ஒன்றுமில்லை. இயற்கையாக விட்ட நிலத்தில் பெய்யும் மழையில் ஏறக்குறைய 10 சதவீதம்தான் மேலோடு ஓடும். மீதி மண்ணுக்குள் இறங்கும், அல்லது ஆவியாகும். அதே நிலத்தில் முக்கால் பங்குக்கு மேல் சிமெண்டும் தாரும் மூடிவிட்டால் 55 சதவீதம் வரை ஓடத் தொடங்கும். அந்தக் கூடுதல் தண்ணீருக்கு வழி வைக்காத அனுமதி, பள்ளத்தில் இருப்பவனின் வீட்டையே வடிகாலாக்கிவிடுகிறது. பிரேசிலின் குரிடிபா நகரம் 1970களிலேயே வேறு வழியில் போனது. வெள்ளம் வரும் ஆற்றோரத் தாழ்நிலங்களைக் கட்டடத்துக்கு விடாமல், ஏரியோடு கூடிய பூங்காக்களாக மாற்றினார்கள். 1972இல் வந்த பரிகுயி பூங்கா அப்படிப்பட்டதுதான். மழைக்காலத்தில் தண்ணீர் தங்க இடம், மற்ற நாளில் ஜனங்கள் நடக்க இடம். அதற்குப் பெரிய தொழில்நுட்பம் தேவைப்படவில்லை, அந்த நிலத்தை விற்காமல் இருக்கும் உறுதிதான் தேவைப்பட்டது.

அடுத்தது போக்குவரத்து. நெரிசலுக்குச் சாலையை அகலப்படுத்துவதே தீர்வு என்று கூட்டத்துக்குக் கூட்டம் பேசுகிறீர்கள். அமெரிக்காவின் ஹூஸ்டனில் கேட்டி நெடுஞ்சாலையை, சேவைச் சாலைகளும் சேர்த்துச் சில இடங்களில் 26 தடம் வரை அகலப்படுத்தி 2008இல் முடித்தார்கள். சில ஆண்டுகளிலேயே காலையும் மாலையும் பயண நேரம் மறுபடி ஏறிவிட்டது. சாலை அகலமாகும்போது அதை நம்பி வீடுகள் இன்னும் தள்ளிப் போகின்றன, அங்கிருந்து வண்டிகள் கூடுதலாக வருகின்றன. பேருந்து போகும் தடத்தை ஒட்டி வீடு வரட்டும், நடந்து போகும் தூரத்தில் பள்ளி வரட்டும் என்று ஒருமுறையாவது நீங்கள் மன்றத்தில் பேசியிருந்தால் மனசு ஆறியிருக்கும்.

எனக்கு வளர்ச்சி மேல் கோபம் கிடையாது. பிள்ளைகளுக்கு வீடு வேண்டும், வாடகை கட்டுப்படியாக வேண்டும், வேலை தேடி வருகிறவர்களுக்கும் இடம் வேண்டும். யாரும் வரக்கூடாது என்று கதவை அடைக்கிற ஊரில் வாடகைதான் ஏறும். நான் கேட்பது வரிசை. முதலில் குடிநீரும் கழிவுநீர்ப் பாதையும் வடிகாலும், அப்புறம் வீடு. நம் ஊரில் வீடு முதலில் வருகிறது, பின்னாலேயே டேங்கர் லாரி வருகிறது. குழாய் இன்னும் வரவில்லை.

நீங்கள் நல்லதும் செய்திருக்கிறீர்கள், அதைச் சொல்லாமல் விட்டால் நியாயமில்லை. பூங்காவுக்கு ஒதுக்கிய இடத்தைக் கடைகளுக்கு மாற்றும் தீர்மானம் வந்தபோது தனியாளாக எழுந்து எதிர்த்தீர்கள். உங்கள் கட்சிக்காரர்களே முகம் சுளித்தார்கள். இன்றைக்கு அந்த இடத்தில் பிள்ளைகள் விளையாடுகிறார்கள். அன்று இருந்த துணிச்சல் ஓடையோர மனைப்பிரிவு வந்தபோது எங்கே போனது என்பதுதான் என் வருத்தம்.

ஊரில் எந்த நிலம் எதற்கு என்று காட்டும் முழுமைத் திட்டம் ஒன்று வரைந்து மன்றத்தில் மாட்டியிருக்கிறோம். அதில் பச்சையாக இருக்கும் இடங்களில் ஒவ்வொன்றாக விதிவிலக்கு கொடுத்துக்கொண்டே போகிறோம். தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொன்றுக்கும் ஏதோ ஒரு காரணம் இருக்கும். சேர்த்துப் பார்த்தால் திட்டமே மிஞ்சவில்லை. ஆகவே, இந்தப் பதவிக்காலத்தில் வந்த நிலப்பயன்பாட்டு மாற்றத் தீர்மானங்கள் எல்லாவற்றையும், ஒவ்வொன்றிலும் நீங்கள் எப்படி வாக்களித்தீர்கள், ஏன் என்பதோடு வெளியிடுங்கள். மதில்சுவரோடு நிற்கும் அந்த வடிகாலை அடுத்த மழைக்கு முன் ஓடையோடு இணைக்க மன்றத்தில் தீர்மானம் கொண்டுவாருங்கள். செலவை மனைப்பிரிவு போட்டவர் ஏற்க வேண்டுமா, மன்றம் ஏற்க வேண்டுமா என்பதை அங்கேயே வெளிப்படையாகப் பேசுங்கள்.

ஏரிக்கரை நிலத்தைக் குடியிருப்பாக மாற்றும் கோப்பு அடுத்த கூட்டத்துக்கு வருகிறது. அதில் எந்தப் பக்கம் கை தூக்கப்போகிறீர்கள் என்று எங்களிடம் முன்கூட்டியே எழுத்தில் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வார்டு வாக்காளர் ஒருவர்