ரேவதியை நான் முன்னாள் நல்லவளாக்கிய கதை

அன்புள்ள உமா,

ஒன்பது மாதமாக எழுதவில்லை, தெரியும். திட்டுவதை எல்லாம் பதிலில் திட்டிக்கொள், மறுபேச்சு பேசாமல் வாங்கிக்கொள்கிறேன். உன் முழங்கால் எப்படி இருக்கிறது? மாடிப்படி ஏறாதே என்று சொன்னால் நீ கேட்கப்போவதில்லை, அதனால் சொல்லவில்லை. இங்கே எல்லாரும் சௌக்கியம், அம்மாவைப் பற்றிக் கீழே எழுதியிருக்கிறேன். இப்போது அவசரமாக உட்கார்ந்து எழுதுவதற்குக் காரணம் ரேவதி. அவள் உன்னைப் போனில் பிடிப்பதற்கு முன்னால் நடந்ததை என் வாயால் நீ கேட்டுவிட வேண்டும், அவள் சொன்னால் கண் மூக்கு காது எல்லாம் வைத்துத்தான் சொல்வாள்.

போன மாதம் அவள் ஓய்வு பெற்றாள். வழியனுப்பு கூட்டத்தில் அவளைப் பற்றிப் பேச ஒரு ஆள் வேண்டும், மேலதிகாரிக்குத் தமிழ் தெரியாது, 30 வருஷம் பக்கத்து மேஜையில் உட்கார்ந்த பாவத்துக்கு என் தலையில் கட்டிவிட்டார்கள். நானும் இரண்டு ராத்திரி கண் விழித்து ஆங்கிலத்தில் எழுதி, கண்ணாடி முன்னால் நின்று சொல்லிப் பார்த்து, புடவையெல்லாம் யோசித்துக் கட்டிக்கொண்டு போய் நின்றேன். 'ரேவதி யூஸ்ட் டு பி எ வெரி கைண்ட் பெர்சன்' என்று ஆரம்பித்தேன். 'ஷி யூஸ்ட் டு ஹெல்ப் எவ்ரிபடி. ஷி யூஸ்ட் டு பி ஆனஸ்ட். ஷி யூஸ்ட் டு கம் ஆன் டைம்.' கடைசி வாக்கியம் பச்சைப் பொய், அது உனக்கும் தெரியும், அதை விடு. முதல் மூன்றும் சத்தியமாக மனசாரச் சொன்னது.

முடித்தவுடன் மேலதிகாரி ரொம்ப மரியாதையாக, ரொம்ப மெதுவாக, ரேவதியைப் பார்த்துக் கேட்கிறார்: எப்போதிலிருந்து இதையெல்லாம் நிறுத்திவிட்டீர்கள்? முன்வரிசையில் இருந்த சின்னப் பசங்கள் சிரித்தார்கள். பின்வரிசை ஏன் என்று தெரியாமலேயே சிரித்தது. ரேவதி பரிசுப் பெட்டியைக் கட்டிப் பிடித்துக்கொண்டு அவளும் சிரித்தாள், பாவம், பக்கத்தில் இருந்த பெண் காதில் ஏதோ சொல்லும் வரைக்கும். அப்புறம் என்னைப் பார்த்தாளே ஒரு பார்வை, அந்த ஏணிப் பார்வை, உனக்குச் சொல்ல வேண்டியதில்லை.

என்ன தப்பு என்று அந்தப் பெண்ணிடமே போய்க் கேட்டேன். 'யூஸ்ட் டு' போட்டால் அந்தக் கதை முடிந்துவிட்டது என்று அர்த்தம் மேடம், என்றாள். உமா, நீயே சொல், நமக்கு இப்படியா சொல்லிக்கொடுத்தார்கள்? 'யூஸ்ட் டு என்றால் வழக்கம்' என்று கரும்பலகையில் எழுதி, அடியில் கோடு போட்டு, பத்து தடவை எழுதச் சொன்னதாகத்தான் எனக்கு ஞாபகம். நம் வழக்கத்துக்குக் காலமே கிடையாதே! ஐந்து மணிக்கு எழுவது என் வழக்கம் என்றால் நேற்றும் எழுந்தேன், நாளைக்கும் எழுவேன் என்றுதானே அர்த்தம். அதை நம்பி நான் வாழ்நாள் முழுக்க 'ஐ யூஸ்ட் டு கெட் அப் அட் ஃபைவ்' என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்திருக்கிறேன், கேட்டவர்கள் எல்லாரும் இவள் இப்போது எட்டு மணி வரைக்கும் தூங்குகிறாள் போல என்று நினைத்திருப்பார்கள். இன்றைக்கும் நடக்கிற பழக்கத்துக்கு வெறுமனே 'ஐ கெட் அப்' போதுமாம், வேண்டுமானால் நடுவில் ஒரு 'யூஷுவலி'.

அன்றைக்குப் பிடித்த பைத்தியம் இன்னும் விடவில்லை. கிடைத்த இலக்கணப் புத்தகத்தை எல்லாம் புரட்டிக்கொண்டிருக்கிறேன், வீட்டில் என்னைக் கண்டாலே ஓடுகிறார்கள், அதனால்தான் உனக்கு எழுதுகிறேன், நீ ஓட முடியாது, முழங்கால்.

வாத்தியார் சொன்னது வேர் அளவில் தப்பே இல்லை என்பதுதான் வேடிக்கை. 'யூஸ்' என்ற சொல்லுக்கே ஒரு காலத்தில் பழக்கம், வழக்கம் என்ற அர்த்தம் உண்டு. அதற்கு நிகழ்காலமும் இருந்தது. 17-ஆம் நூற்றாண்டில்கூட 'ஹி யூசஸ் டு கம்' என்று எழுதினால் வருவது வழக்கம் என்று புரிந்துகொண்டிருப்பார்கள். அப்புறம் நிகழ்காலம் உதிர்ந்துபோய் இறந்தகாலம் மட்டும் மிஞ்சிவிட்டது. நான் 300, 400 வருஷம் முன்னால் பிறந்திருந்தால் ரேவதியைக் காப்பாற்றியிருக்கலாம்.

உச்சரிப்பு கூட வேறாம், இது உனக்குத் தெரியுமா? பயன்படுத்தினேன் என்று சொல்லும்போது அந்த நடு எழுத்து வண்டு மாதிரி ரீங்கரிக்க வேண்டும். பழைய பழக்கத்தைச் சொல்லும்போது அதே எழுத்து பாம்பு மாதிரி சீற வேண்டும், பின்னால் வருகிற 'டு'வும் ஒட்டிக்கொண்டு 'யூஸ்டு' என்று ஒரே சொல்லாக விழ வேண்டும். முன்னால் 'டிட்' வந்துவிட்டால் எழுத்தில் கடைசி 'டி' போய்விடும், ஆனால் காதுக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது, அதனால் அந்த மொழிக்காரர்களே தடுமாறி அந்த 'டி'யை விடாமல் எழுதுகிறார்கள். இதைப் படித்த அன்று எனக்கு நிம்மதியாகத் தூக்கம் வந்தது.

நமக்கு 'வழக்கம்' என்பதற்குப் பதிலாக 'முன்பெல்லாம்' என்று சொல்லிக்கொடுத்திருந்தால் இந்தக் கூத்தே நடந்திருக்காது. 'முன்பெல்லாம் ரேவதி நல்லவளாக இருப்பாள்.' சொல்லிப் பார், நாக்கு கூசுகிறது இல்லையா? 'அண்ட் ஷி ஸ்டில் இஸ்' என்று உடனே பின்னால் ஒட்டுப்போட்டிருந்தால் தப்பித்திருக்கலாமாம். எனக்கு அது தெரிந்தது நாலு நாள் கழித்து, அதுவும் குளித்துக்கொண்டிருக்கும்போது.

சரி, இப்போது நான் உண்மையிலேயே வாயைப் பிளந்த இடத்துக்கு வருகிறேன். சாயங்காலம் ஆனால் நீ வருவாய், கதவைத் தட்டமாட்டாய், ஜன்னலில் கல் எறிவாய், நான் எட்டிப் பார்த்தால் ஒளிந்துகொள்வாய். நடந்து 40 வருஷத்துக்கு மேலாகிறது, ஆனால் வினைச்சொல் எல்லாம் எதிர்காலம்! வருவாய், எறிவாய். இதை ஒரு நாளாவது யோசித்திருக்கிறோமா? ஆங்கிலத்திலும் அதே வித்தைதான். எதிர்காலத்துக்கு வருகிற 'வில்'லின் இறந்தகாலம் 'வுட்', பழைய நாட்களைச் சொல்ல அதுதான் வரிசையாக வரும்: 'யூ வுட் கம், யூ வுட் த்ரோ எ ஸ்டோன், யூ வுட் ஹைட்.' ஒட்டும் இல்லை உறவும் இல்லாத இரண்டு மொழிகள் ஒரே குறுக்குவழியில் போயிருக்கின்றன. ஒரே ஒரு நிபந்தனை, எந்தக் காலத்துக் கதை என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். அதனால் ஒரு 'யூஸ்ட் டு'வைப் போட்டுக் கதையைத் திறந்துவிட்டு அப்புறம் 'வுட்', 'வுட்' என்று ஓட்டுவார்கள். நாமும் 'அப்போதெல்லாம்' என்று ஒரு தடவை சொல்லிவிட்டால் போதும், அப்புறம் பக்கம் பக்கமாக வருவாய் போவாய்தான்.

இத்தோடு விட்டிருந்தால் நான் பண்டிதை ஆகியிருப்பேன். ஆனால் 'உங்கள் வீட்டு வாசலில் ஒரு மரம் இருக்கும்' என்று நாம் தாராளமாகச் சொல்கிறோம், மரத்தை வெட்டி வருஷக்கணக்கானாலும். 'உனக்குக் கணக்கு பிடிக்காது, ரேவதிக்கு எல்லாம் தெரியும்.' இங்கே 'வுட்' உதைக்கிறது. 'யூ வுட் நாட் லைக் மேத்ஸ்' என்றால், ஒருவேளை படிக்க நேர்ந்தால் உனக்குப் பிடிக்காமல் போகும் என்று அர்த்தம் எங்கேயோ போய்விடுகிறது. வருவது, எறிவது, ஒளிவது எல்லாம் திரும்பத் திரும்ப நடக்கிற செயல்கள். மரம் இருப்பது திரும்பத் திரும்ப நடப்பதில்லை, அது பாட்டுக்கு இருக்கிறது. அந்த மாதிரி நிலைகளுக்கு, இருப்பது, பிடிப்பது, தெரிவது, ஒரு இடத்தில் குடியிருப்பது, இவற்றுக்கெல்லாம் 'யூஸ்ட் டு' மட்டும்தான், அல்லது வெறும் இறந்தகாலம். ஆனால் எப்போது போனாலும் ரேவதி தூங்கிக்கொண்டிருப்பாள் என்பதற்கு 'வுட் பி' தாராளமாக வரும், ஒவ்வொரு தடவையும் நடந்த கதை அல்லவா. தமிழ் இந்தச் சண்டைக்கே போவதில்லை. மூன்று காலத்துக்கும் பொதுவானதைச் சொல்லத் தொல்காப்பியர் 'செய்யும்' என்ற ஒரு வடிவத்தைத் தனியாகச் சொல்லியிருக்கிறார், உரைகாரர்கள் 'மலை நிற்கும்' என்று உதாரணம் காட்டுவார்கள். அவ்வளவு தாராளத்தில் வளர்ந்தவளிடம் திடீரென்று கணக்கு கேட்டால் நான் என்ன செய்வேன்?

கணக்கு என்றதும் ஞாபகம் வருகிறது. எண்ணிச் சொன்னால் 'யூஸ்ட் டு' கூடாதாம். வாரத்துக்கு மூன்று தடவை போவேன் என்றால் சரி, மொத்தமே மூன்று தடவைதான் போனேன் என்றால் வெறும் 'வென்ட்'. ஆறு வருஷம் வேலை பார்த்தேன் என்று கால அளவைச் சொல்லிவிட்டாலும் வெறும் 'ஒர்க்ட்'. நான் வேலைக்கு மனுப் போட்ட காலத்தில் எழுதியதை எல்லாம் இப்போது நினைத்தால், எப்படி எனக்கு வேலை கொடுத்தார்கள் என்பதே புரியவில்லை.

நடுவில் ஒரு 'ஆர்' நுழைந்தால் அர்த்தம் மொத்தமாகப் புரண்டுவிடுவதையும் சொல்லிவிடுகிறேன். 'வி ஆர் யூஸ்ட் டு ரேவதி கமிங் லேட்.' ரேவதி தாமதமாக வருவது நமக்குப் பழகிவிட்டது. மேடையில் நான் சொல்லியிருக்க வேண்டிய ஒரே உண்மையான வாக்கியம் அதுதான். உனக்கும் ஒன்று வைத்திருக்கிறேன்: 'உமா வாஸ் ஆல்வேஸ் லூசிங் ஹெர் கீஸ்.' பழக்கத்தையும் சொல்லி எரிச்சலையும் காட்ட இந்த மாதிரி 'ஆல்வேஸ்' போடுவார்களாம். நீ தொலைத்த சாவிகளுக்காகவே கண்டுபிடித்தது போலிருக்கிறது.

போன செவ்வாய்க்கிழமை வரைக்கும் இதெல்லாம் எனக்குச் சிரிப்பாகத்தான் இருந்தது.

அம்மாவுக்கு மறதி ரொம்பக் கூடிவிட்டது. உன் பெயர் இன்னும் இருக்கிறது, முகம் போய்விட்டது, உன் போட்டோவைக் காட்டினால் உமா எங்கே என்று என்னைக் கேட்கிறாள். டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனபோது ஒரு படிவம் கொடுத்தார்கள், ஆங்கிலத்தில். அவருடைய பழக்கவழக்கங்கள், விருப்பங்கள், எழுதவும். நான்கு வரி இடம். முதல் வரியில் சரசரவென்று 'ஷி யூஸ்ட் டு சிங்' என்று எழுதிவிட்டேன். எழுதி முடித்த உடனே அந்தப் பெண்ணின் குரல்: அந்தக் கதை முடிந்துவிட்டது மேடம். அடித்துவிட்டேன். 'ஷி சிங்ஸ்' என்று எழுதினேன். அதுவும் பொய். அம்மா முழுப்பாட்டுப் பாடி ஒரு வருஷம் இருக்கும். ஆனால் அதற்கு முந்தின வாரம்தான், நான் துணி மடித்துக்கொண்டிருக்கிறேன், ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தவளிடமிருந்து அரை வரி வந்தது. சுருதி கொஞ்சமும் விலகவில்லை. கையில் துணியோடு அப்படியே நின்றேன். மீதி அரை வரி வரவில்லை.

இதற்கு என்ன காலம், சொல். தமிழில் யாராவது கேட்டிருந்தால் 'அம்மா பாடுவாள்' என்று சொல்லிவிட்டுப் போயிருப்பேன். அப்போதா, இப்போதா, இனிமேலா என்று யாரும் கேட்டிருக்கமாட்டார்கள், எனக்கும் முடிவு செய்ய வேண்டிய அவசியம் வந்திருக்காது. பின்னால் இன்னும் மூன்று பேர் காத்திருக்கிறார்கள், நான் பேனாவை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். கடைசியில் இரண்டையும் அடித்துவிட்டு 'லைக்ஸ் மியூசிக்' என்று எழுதிக் கொடுத்தேன். பிடிப்பது செயல் இல்லையே, நிலைதானே. பாடினாலும் பாடாவிட்டாலும் அது அங்கே இருக்கும். ஒரு மாதமாகப் புரட்டின இலக்கணம் எனக்குச் செய்த ஒரே உபகாரம். முடிந்தால் ஒரு தடவை அம்மாவிடம் போனில் பேசு, முகம் தெரியாவிட்டால் பரவாயில்லை, உன் குரல் பிடிபடலாம்.

அப்புறம், ரேவதி இன்னும் ஆறவில்லை. தினமும் காலையில் 'ஐ யூஸ்ட் டு பி யுவர் ஃப்ரெண்ட்' என்று செய்தி அனுப்புகிறாள், இலக்கணம் சரியாக இருக்கிறது என்று நானும் பதில் போடுகிறேன். திருத்தின உரை வேண்டுமாம், அதை மேலதிகாரிக்கும் அனுப்ப வேண்டுமாம். 'ரேவதி இஸ் கைண்ட்' என்று எழுதினால் மூன்று சொல்லில் முடிந்துவிடுகிறது, அவளுக்கு அது போதவில்லை, நான்கு பக்கம் கேட்கிறாள். இரண்டு பக்கம் நீ எழுதி அனுப்பு, எந்தக் காலம் போடுவது என்பதை நான் பார்த்துக்கொள்கிறேன். ஏணி விஷயத்தை மட்டும் எழுதித் தொலைக்காதே.

அன்புடன்,
கமலா