புயலுக்குத் தப்பிய மரங்கள் கிராம சபைப் பதிவேட்டில் ஏறட்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வரும் மே 1 அன்று கூடவிருக்கும் கிராம சபைகளின் கவனத்துக்கு ஒரு கோரிக்கையைத் தங்கள் நாளிதழ் வழியாக வைக்க விரும்புகிறேன். அதற்கு 2020-ஆம் ஆண்டின் பங்குனி, சித்திரை மாதங்களைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கிறது.

அவ்வாண்டு மார்ச் 25 அன்று தொடங்கிய 21 நாள் ஊரடங்கு, சித்திரை முதல் நாளன்று மே 3 வரை நீட்டிக்கப்பட்டது. வேளாண் பணிகளுக்கு விலக்கு இருந்ததால், புதுக்கோட்டை மாவட்டம் ஆலங்குடி வட்டாரத்தில் எங்களால் கொல்லைக்கும் வயலுக்கும் மட்டும் போய்வர முடிந்தது. பேருந்தும் இருசக்கர வாகனமும் ஓடாத சாலையில் நடந்துதான் போனோம். கோயில் விழாக்களும் திருமணங்களும் நின்றுபோனதால், கீரமங்கலம் பகுதியில் பூவை வாங்க ஆளில்லை. பலாப்பழத்தை ஏற்றிச் செல்ல வண்டியும் வரவில்லை. மனம் நொந்து நடந்த அந்த நாட்களில்தான் சாலையோர மரங்களை நின்று பார்த்தோம்.

எங்கள் பகுதியில் அதற்குத் தனிக் காரணமும் உண்டு. 2018 நவம்பர் 16 அதிகாலையில் வீசிய கஜா புயல், தலைமுறைகளாக வளர்த்த தென்னையையும் பலாவையும் ஒரே இரவில் சாய்த்துவிட்டது. அடுத்த இளவேனில் வந்தபோது, விழுந்த மரங்களை அறுத்து அப்புறப்படுத்துவதிலும், கூரையைச் சரிசெய்வதிலும், நிவாரணத்துக்கு அலைவதிலும் இருந்த எங்களுக்கு எந்த மரம் தளிர்த்தது என்று பார்க்கும் நிலைமை இல்லை. ஆகவே, புயலுக்குப் பின் எங்கள் ஊர் உண்மையில் கண்ணாரக் கண்ட முதல் துளிர்காலம் 2020-இல் வந்ததுதான்.

ஊருணிக் கரையில் வேரோடு சாய்ந்த புங்கமரம் ஒன்று, பாதி வேர் மண்ணிலேயே இருந்ததால் பிழைத்துக் கிடந்தது. படுத்த அடிமரத்தின் மேல்புறம் முழுவதும் நேர்க்குத்தாகப் புதுக்கிளைகள் எழுந்து, மாசியில் இலை கொட்டி, பங்குனியில் எண்ணெய் தடவியதுபோல் மினுக்கும் இளம்பச்சையில் நின்றன. சில நாட்களிலேயே அந்த இலைகளில் பூச்சி அரித்த வெள்ளைத் திட்டுகள் விழுந்தன. பிறகு வெளிர் ஊதாப் பூக்கள் உதிர்ந்து தரையை மூடின. முறிந்த வேம்புகள் வெட்டுவாயைச் சுற்றிக் கொத்துக்கொத்தாகச் செம்பு நிறத் தளிர் விட்டிருந்தன. வருடப் பிறப்புப் பச்சடிக்கு வேண்டிய பூவை அண்ணாந்து பார்க்காமல் கைக்கெட்டும் உயரத்திலேயே பறித்தோம். தலை முறிந்த தென்னைகள் மட்டும் வெறும் கம்பங்களாக நின்றன. தென்னைக்கு உச்சியில் ஒரே குருத்துதான். அது போனால் மரமே போயிற்று. வேம்புக்கும் புங்கனுக்கும் பட்டைக்கு அடியில் உறங்கும் மொட்டுகள் இருக்கின்றன; அடிமரம் பிழைத்தால் அவை விழித்துக்கொள்ளும். மழையே இல்லாத மாதத்தில் இந்தப் பசுமை வருவதற்கு ஆழமாக இறங்கிய வேர்களே காரணம். நேற்று நட்ட கன்றுக்கு அந்த வேர் வர நெடுங்காலம் ஆகும். எங்கள் மாவட்டத்தில் பரந்து கிடக்கும் தைலமரக் காடுகளில் இப்படியொரு பருவ மாற்றத்தைக் காணவே முடியாது என்பதையும் வருத்தத்தோடு குறிப்பிடுகிறேன்.

இந்த மரங்களில் பல, புயலுக்குத் தப்பியும் இப்போது சாலை விரிவாக்கத்துக்காகவும் மின்கம்பி செல்லும் வழிக்காகவும் வெட்டப்படுகின்றன. தேவையான இடத்தில் சாலை அகலமாவதை நான் எதிர்க்கவில்லை. மரம் விழுந்த பிறகுதான் ஊருக்குத் தகவல் தெரிகிறது என்பதே என் ஆதங்கம். பொது நிலத்தில் மரம் வெட்டும் கோரிக்கைகளை ஆராய மாவட்ட ஆட்சியர் தலைமையில் பசுமைக் குழு இருக்கிறது. மாநிலத்தின் பசுமைப் பரப்பை 33 விழுக்காடாக உயர்த்தும் நோக்கோடு 2022-இல் பசுமைத் தமிழகம் இயக்கமும் தொடங்கப்பட்டது. இரண்டையும் மனமார வரவேற்கிறேன். ஆனால் எந்த ஊரில், எந்தக் கரையில், என்ன மரம், ஏறக்குறைய எத்தனை வயதில் நிற்கிறது என்ற விவரம் ஊராட்சியின் கையில் இல்லாதபோது, குழுவின் முன் வரும் விண்ணப்பத்தில் எழுதியதே மரத்தின் முழு வரலாறாகிவிடுகிறது.

எனவே ஒவ்வொரு ஊராட்சியும் ஊருணிக் கரை, கண்மாய்க் கரை, சாலையோரம், கோயில் திடல் ஆகிய இடங்களில் உள்ள பெரிய மரங்களைப் பெயர், இடம், சுற்றளவு ஆகியவற்றோடு பதிவேட்டில் ஏற்றி, அதை மே 1 கிராம சபையில் வாசித்துத் தீர்மானமாக நிறைவேற்ற வேண்டும். புயலில் சாய்ந்தும் தளிர்த்து நிற்கும் மரங்களை அதில் தனியே குறிக்க வேண்டும். பட்ட மரம் என்று சொல்லி முதலில் வெட்டப்படுபவை அவைதாம். வெட்டுவதற்கு அனுமதி கோரும் விண்ணப்பம் எதுவானாலும், பசுமைக் குழுவின் முடிவுக்கு முன்னர் அதன் நகல் ஊராட்சி அலுவலகத்தின் அறிவிப்புப் பலகையில் ஒட்டப்பட வேண்டும். மரங்களை அடையாளம் சொல்ல வெளியாள் தேவையில்லை. நூறு நாள் வேலைக்கு வரும் பெண்களுக்கும் ஆடு மேய்ப்பவர்களுக்கும் ஊரில் உள்ள மரம் ஒவ்வொன்றும் தெரியும். இவ்வாண்டுக் கணக்கெடுப்பை அவர்களைக் கொண்டே தொடங்கலாம்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
ஆலங்குடி வட்டம், புதுக்கோட்டை மாவட்டம்.