மொக்கைப் படத்தையும் ஒரு கிழமை ஓட்டுங்கள்

கொழும்பில் தமிழ்ப் படங்களைத் திரையிடும் திரையரங்கு நிர்வாகத்தினருக்கும், படங்களை வாங்கி வரும் விநியோகத்தர்களுக்கும்,

வணக்கம்.

வெள்ளிக்கிழமை வந்த படம் திங்கட்கிழமை ஆளில்லாமல் போவதைப் பற்றி உங்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. தூக்குவது நீங்கள்தான். ஏன் தூக்குகிறீர்கள் என்பதும் எங்களுக்குத் தெரியும். கரண்ட் பில், ஆள் சம்பளம், பக்கத்து ஹோலில் ஓடும் படத்துக்கு வரும் கூட்டம் எல்லாம் உண்மைதான். அதனால் நேரே விஷயத்துக்கு வருகிறேன். ஒரு கிழமைக்குக் காட்சி நேரம் அறிவித்தால் அந்த ஒரு கிழமையும் ஓட்டுங்கள். டிக்கெட் விற்ற காட்சியை, விமர்சனம் சரியில்லை, ஆள் காணாது என்று சொல்லிக் கடைசி நேரத்தில் நிறுத்தாதீர்கள். நான் கேட்பது இவ்வளவுதான்.

இதைக் கேட்கும் நான் யார் என்றால், மோசமான படங்களை விரும்பிப் பார்க்கிறவன். தெரியாமல் போய் மாட்டிக்கொள்கிறவன் அல்ல. விமர்சனத்தை முழுதாக வாசித்து, யூடியூப்பில் தலையில் அடித்துக்கொள்கிறவர்களையும் பார்த்துவிட்டு, அதற்குப் பிறகு காசு கட்டி டிக்கெட் எடுக்கிறவன். என்னைப் போல இந்த ஊரில் இன்னும் ஆட்கள் இருக்கிறார்கள். வெளியில் சொல்ல வெட்கப்படுவார்கள், அவ்வளவுதான்.

போன மாதம் நடந்ததைச் சொல்கிறேன். எந்தத் திரையரங்கு என்று எழுதப் போவதில்லை. வாசிக்கும்போது அவர்களுக்கே விளங்கும். படத்தின் பெயரும் வேண்டாம், அது ஏற்கனவே போதுமான அளவு அடி வாங்கிவிட்டது. அந்தப் படத்தில் என் அம்மாவின் இளமைக்காலக் கதாநாயகன் ஒருவர் நீண்ட காலத்துக்குப் பிறகு முழுநீள வேடத்தில் நடித்திருந்தார். அம்மாவுக்கு எழுபது தாண்டிவிட்டது, முழங்கால் வருத்தம். "இரண்டரை மணிநேரச் சித்திரவதை என்று எழுதியிருக்கிறார்கள் அம்மா" என்று சொல்லித்தான் பார்த்தேன். "அது அவங்களுக்கு. எனக்கு அவர் முகத்தைப் பார்த்தால் போதும், கூட்டிக்கொண்டு போ" என்றார்.

செவ்வாய்க்கிழமை மாலைக் காட்சி. நான் அரை நாள் லீவு. அம்மா கலியாண வீட்டுக்குப் போகிற சேலையைக் கட்டிக்கொண்டார். கொட்டாஞ்சேனையிலிருந்து காலி வீதிப் பக்கம் போக வழக்கமாக 155 பஸ் போதும், ஆனால் அந்த முழங்காலோடு படி ஏற முடியாது என்று திரீவீல் பிடித்தோம். ஆமர் வீதி நெரிசலில் நின்று நின்று போய்ச் சேர்ந்தால், கவுண்டரில் இருந்த பொடியன் போனை விட்டு நிமிராமலே, "ஷோ கான்சல்" என்றார்.

ஏன் என்று கேட்டேன். "பத்துப் பேராவது இல்லாமல் போட மாட்டோம் அங்கிள்." எங்களுக்குப் பின்னால் ஒரு வயதான தம்பதி, பாடசாலைச் சீருடை மாற்றாத இரண்டு பையன்கள், தனியாக வந்த ஒருவர். எல்லாரும் காசு கட்டியவர்கள். யாருக்கும் ஒரு எஸ்எம்எஸ் கூட வரவில்லை. அப்புறம் அந்தப் பொடியன், நல்ல மனதோடுதான், ஒரு ஆலோசனை சொன்னார்: "அந்தப் படம் சரியில்லை அங்கிள். ரிவியூ பார்க்கவில்லையா? மூன்றாவது ஹோலில் நல்ல படம் போகுது. இதே டிக்கெட்டில் விடுறேன்."

அம்மா கேட்டார்: "அதில் அவர் இருக்கிறாரா தம்பி?"

"இல்லை அம்மா."

"அப்ப எனக்கு எதுக்கு?"

அந்த லொபியில் உட்கார ஒரு கதிரை இல்லை. பொப்கோர்ன் இயந்திரத்துக்கு இடமிருக்கிறது, ஆள் உயர நடிகர் அட்டைக்கு இடமிருக்கிறது, கதிரைக்கு இல்லை. நான் திரீவீல் கூப்பிட்டு அது வரும் வரைக்கும் அம்மா அந்தக் கலியாணச் சேலையோடு படிக்கட்டில்தான் உட்கார்ந்திருந்தார். நிறுத்திய காட்சிக்குப் பதிலாகப் போட்ட 'நல்ல பட'த்தின் கதிரை வரைபடம் கவுண்டர்த் திரையில் தெரிந்தது. பாதிக்கு மேல் பச்சை, அதாவது காலி. டிக்கெட் காசு கார்டுக்குத் திரும்பி வந்தது. இணையத்தில் பதிந்ததற்கான கட்டணம் வரவில்லை, அது திருப்பித் தரப்படாதாம். வராத வசதிக்கு வசதிக் கட்டணம். திரீவீல் காசையும் அரை நாள் லீவையும் நான் கணக்கில் சேர்க்கவில்லை.

ஆளில்லாத பஸ்காரர் பம்பலப்பிட்டியில் வைத்து, "முன்னால நிற்கிற பஸ்ஸில ஏறுங்க" என்று மிச்சமிருக்கும் நாலு பேரையும் இறக்கிவிடுவாரே, அந்த வேலைதான் இது. ஆனால் அந்த முன்னால் நிற்கிற பஸ்ஸாவது நாம் போக வேண்டிய இடத்துக்குப் போகும். உங்கள் மூன்றாவது ஹோல் போகவில்லை.

"நாலு கிழமையில் ஓடிடியில் வரும்தானே, வீட்டில் பாருங்கள்" என்று ஒரு மேற்பார்வையாளர் சொன்னார். இந்த இடத்தில்தான் உங்களுக்கு எங்களைப் பற்றித் தெரியவில்லை. நல்ல படத்தைத் தனியாகப் பார்க்கலாம். மொக்கைப் படத்துக்குத் துணை வேண்டும். லண்டன் என்று எழுத்துப் போட்டுவிட்டுக் காட்டும் தெருவில் தமிழ்நாட்டுப் பதிவெண்ணோடு ஒரு கார் போனால், வீட்டுச் சோபாவில் அது வெறும் பிழை. ஹோலில் பின்வரிசையில் ஒருவர் "லண்டனுக்கு ரோட்டாலேயே போயிட்டான் மச்சான்" என்று சொன்னவுடன் முன்பின் தெரியாத இருபது பேர் சேர்ந்து சிரிப்பதுதான் நான் காசு கொடுத்து வாங்குவது. ஒரே சண்டைக்குள் நாயகனின் தாடி நீண்டு குறைந்து மறுபடி நீள்வதைக் கண்டுபிடித்துப் பக்கத்தில் இருப்பவருக்குச் சொல்லாமல் இருக்க முடியாது. வில்லன் துப்பாக்கியை நீட்டிக்கொண்டு ஐந்து நிமிடம் பிளாஷ்பேக் சொல்லும்போது "சுடு அண்ணே, பஸ் போயிடும்" என்று யாராவது குரல் கொடுக்காவிட்டால் அந்தக் காட்சி முழுமையடையாது.

நக்கலுக்கு மட்டும் பார்க்கிறோம் என்றும் நினைக்க வேண்டாம். பெரிய படத்தில் நாயகனுக்குப் பின்னால் நின்று தலையாட்டிவிட்டுப் போகும் துணை நடிகருக்கு, இப்படி ஒரு படத்தில்தான் நாலு நிமிடம் தனியாக அழ இடம் கிடைக்கும். திரைக்கதை தறிகெட்டு ஓடும்போது அவர் மட்டும் அந்த நாலு நிமிடத்தை உயிரைக் கொடுத்து நடித்திருப்பார். எந்த விமர்சனத்திலும் அதைப் பற்றி ஒரு வரி வராது. அதைப் பார்க்க நான் வருவேன்.

விமர்சகர்கள் மீது எனக்குக் கோபம் இல்லை. அவர்களுக்குப் பிடிக்கவில்லை என்றால் பிடிக்கவில்லை என்றுதான் எழுத வேண்டும். 2024இல் கங்குவா வந்தபோது, திரையரங்கு வளாகத்துக்குள் யூடியூப்காரர்களை விடாதீர்கள் என்று தமிழகத் தயாரிப்பாளர்கள் அறிக்கை விட்டார்கள். முதல் மூன்று நாட்களுக்கு விமர்சனமே வரக்கூடாது என்று சென்னை உயர்நீதிமன்றம் வரைக்கும் போனார்கள். அது வீண் வேலை என்பது என் எண்ணம். திட்டுகிறவர்கள் திட்டட்டும். ஆனால் சென்னையில் ஒருவர் காலைக் காட்சி பார்த்துவிட்டு வெளியே வந்து கமராவைப் பார்த்துக் கும்பிடு போடுகிறார், இரண்டு ஊருக்கும் கடிகாரம் ஒன்றுதான், மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னே கொழும்பில் மாலைக் காட்சியின் தலைவிதி முடிவாகிவிடுகிறது. அந்த அவசரம்தான் எனக்கு விளங்கவில்லை. விமர்சனம் பார்வையாளனுக்கு எழுதப்படுவது. அதை நீங்கள் ஏன் உங்களுக்கு வந்த உத்தரவாக எடுத்துக்கொள்கிறீர்கள்?

அந்த உத்தரவுகளின் லட்சணத்தையும் பார்த்திருக்கிறோம். 2002இல் பாபா வந்து விழுந்தபோது, நட்டப்பட்டவர்களுக்கு ரஜினிகாந்த் காசைத் திருப்பிக் கொடுக்க வேண்டி வந்தது. இருபது வருடம் கழித்து அதே படத்தைத் திரும்ப வெட்டி ஒட்டித் திரையரங்குகளுக்கே கொண்டுவந்தார்கள். 2001இல் தோற்ற ஆளவந்தானும் 2023இல் திரும்பி வந்தது. 2003 பொங்கலுக்கு வந்த அன்பே சிவம் அன்றைக்குத் தோல்விப் படம். இன்றைக்கு அதைத் தொலைக்காட்சியில் பார்த்து வளர்ந்தவர்கள்தான் அதன் பெரிய ரசிகர்கள். நம் நாட்டுக்குள்ளேயே, 1977இல் தர்மசேன பத்திராஜ யாழ்ப்பாணத்தை வைத்து எடுத்த பொன்மணி ஓடவில்லை. இப்போது இலங்கைத் தமிழ்ப் படங்கள் என்று பேச்சு எடுத்தால் அதைச் சொல்லாமல் யாரும் தாண்டுவதில்லை. ஓடாத படத்தை அன்றைக்கு ஹோலில் பார்த்தவர் எத்தனை பேர் என்று தேடினால்தான் ஆள் அகப்படாது.

இதற்காக நான் பார்க்கும் மொக்கை எல்லாம் நாளைக்குக் காவியமாகும் என்று வாதாட வரவில்லை. பெரும்பாலானவை நாளைக்கும் மொக்கைதான். நாளை மறுநாளும் மொக்கைதான். அம்மா பார்க்க ஆசைப்பட்ட படத்துக்கு எந்த மறுவெளியீடும் வரப்போவதில்லை என்று என்னாலேயே உறுதியாகச் சொல்ல முடியும். அதனால்தான் அந்தச் செவ்வாய்க்கிழமையைக் கேட்கிறேன்.

அம்மா கொட்டாஞ்சேனை செல்லமஹாலில் படம் பார்த்து வளர்ந்தவர். திரைக்குக் கிட்டே மலிவு டிக்கெட் கலரியில் விசில், அதற்குப் பின்னால் கொஞ்சம் விலை கூடிய ஓடிசி வகுப்பில் முணுமுணுப்பு, மேலே பல்கனியில் கொஞ்சம் மரியாதை. படம் நல்லதா இல்லையா என்பதைக் கலரி சொல்லும், முதலாளி சொல்ல மாட்டார் என்பார். இப்போது எல்லாக் கதிரையும் ஒரே விலை, எல்லாம் மெத்தை, கலரியும் இல்லை. தீர்ப்பு மட்டும் முகாமையாளர் அறைக்குப் போய்விட்டது. தேசியத் திரைப்படக் கூட்டுத்தாபனம் என்று ஒன்று 1972இலிருந்து இந்த நாட்டில் இருக்கிறது. அறிவித்த காட்சியைப் போடாமல் விடுவது சரியா என்று அவர்களும் ஒருநாள் யோசிக்கலாம்.

மோசமான விமர்சனம் வாங்கியதையெல்லாம் உடனே இழுத்து மூடுவது இந்த நாட்டு வழக்கமும் இல்லையே. மத்தள விமான நிலையத்தை 2013இல் திறந்தார்கள். உலகத்திலேயே வெறிச்சோடிய சர்வதேச விமான நிலையம் என்று வெளிநாட்டுப் பத்திரிகை எழுதியது. பத்துப் பேர் வராததால் கான்சல் என்று யாராவது சொன்னார்களா? அங்கே அணையாத விளக்கு உங்கள் ஐந்தாவது ஹோலில் இரண்டரை மணிநேரம் எரிந்தால் நாடு இன்னொரு முறை வங்குரோத்து ஆகிவிடாது. பொப்கோர்ன் விலையைப் பார்த்தால், எங்கள் ஏழு பேரில் மூன்று பேர் வாங்கினாலே அந்தக் கரண்ட் பில்லின் ஒரு பங்கு வந்திருக்கும். விளம்பரங்களைப் பற்றிச் சொல்லத் தொடங்கினால் இந்த மடல் முடியாது. படம் தொடங்க முன் ஒரே வங்கி விளம்பரத்தை மூன்று முறை போடுகிறீர்கள். அதற்கு எத்தனை பேர் வந்தால் போதும் என்று கணக்குப் பார்ப்பதில்லை.

சரி, மன்னிக்க வேண்டும். கேட்க வந்ததை மரியாதையாகக் கேட்கிறேன்.

கூட்டம் இல்லாத படத்துக்கு நாளுக்கு நாலு காட்சி யாரும் கேட்கவில்லை. ஒன்றே ஒன்று போடுங்கள். சின்ன ஹோலில் போடுங்கள். காலை பத்தரைக்குப் போட்டாலும் வருவோம். ஆனால் போடுவதாகச் சொன்ன ஒன்றை அந்தக் கிழமை முடியும் வரை போடுங்கள். உண்மையிலேயே முடியாத நிலை வந்தால், வீட்டிலிருந்து புறப்பட முன்பே தொலைபேசிக்கு ஒரு செய்தி அனுப்புங்கள். பதியும்போது இலக்கத்தை வாங்குகிறீர்கள்தானே. காட்சியை நிறுத்தியது நீங்கள் என்றால் வசதிக் கட்டணத்தையும் சேர்த்துத் திருப்பித் தாருங்கள். கவுண்டரில் இருக்கும் பிள்ளைகளிடம், எந்தப் படம் நல்லது என்று வந்தவர்களுக்குப் பாடம் எடுக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். அவர்கள் மீது குறை இல்லை, நீங்கள் சொல்லிக் கொடுத்ததைத்தான் சொல்கிறார்கள். லொபியில் நாலு கதிரை போடுங்கள்.

விநியோகத்தர்களிடம் ஒரு வார்த்தை. படத்தை வாங்கும்போதே கடைசி வியாழன் வரைக்கும் ஒரு காட்சியாவது ஓட வேண்டும் என்று திரையரங்கோடு பேசிக்கொள்ளுங்கள். உங்கள் படத்துக்கு உங்களை விட்டால் எங்களைத் தவிர வேறு ஆதரவு இல்லை.

அம்மாவின் நாயகனுக்கு அடுத்த படமும் வருகிறதாம். முன்னோட்டத்தைப் பார்த்தேன், நம்பிக்கை தரும்படி ஒன்றும் இல்லை. முன்பதிவு திறந்தவுடன் செவ்வாய்க்கிழமை மாலைக்கு இரண்டு டிக்கெட் எடுப்பேன். தயவுசெய்து ஓட்டுங்கள்.

இப்படிக்கு,
கொட்டாஞ்சேனையிலிருந்து,
முழுக் காசு கட்டி மொக்கைப் படம் பார்க்கும் ஒருவன்