டிரைவ்வேக்குத் தார் பூசும் காலம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். செப்டெம்பர் பிற்பாதி வந்துவிட்டால், "குளிர் தொடங்கமுன் டிரைவ்வேக்குச் சீலர் பூசிவிடுங்கள்" என்னும் துண்டுப்பிரசுரங்கள் ஸ்காபரோ, மார்க்கம் வீடுகளின் தபால்பெட்டிகளில் நிறையத் தொடங்குகின்றன. தங்கள் பத்திரிகையின் விளம்பரப் பக்கங்களிலும் அத்தகைய அழைப்புகளைக் காண்கிறேன். டிரைவ்வே எனும் வீட்டு முன்புறக் கார்த்தரிப்புத் தார்த்தளத்தைக் காக்கப் பூசும் கறுப்புப் பூச்சே சீலர். வெடிப்புக்குள் இறங்கும் நீர் உறைந்து விரிந்து தாரைப் பிளப்பதற்கு முன் ஒரு பூச்சு இருப்பது நல்லதுதான். ஆயினும் அதற்கான காலம் அப்போது பெரும்பாலும் கடந்துவிடுகிறது என்பதை வாசகர்களின் கவனத்துக்குக் கொண்டுவர விரும்புகிறேன்.

வீடுகளுக்குப் பூசப்படும் சீலர்களில் பல, நீரில் நுண்ணிய தார்த்துளிகள் மிதக்கும் குழம்புகளே. பூசியபின் நீர் ஆவியாகிப் போக, துளிகள் ஒன்றோடொன்று இணைந்து தோலாக இறுக வேண்டும். வெப்பநிலை 10 பாகை செல்சியசுக்குக் கீழே இறங்கினால் அந்த இறுக்கம் முழுமை பெறாது. பகலில் 15 பாகை காட்டுகிறது என்று ஒக்ரோபரில் பூசுகிறோம். அன்றிரவே அது 5 பாகைக்கு இறங்கி, மேலே பனித்துளியும் படிந்துவிடுகிறது. மறுநாள் காலையில் கன்னங்கரேலென்று தெரியும் அந்தப் பூச்சு, சவளால் பனி வழிக்கத் தொடங்கியதும் செதில்செதிலாகக் கிளம்புகிறது. வடக்குப் பார்த்த வீடுகளில், கராஜ் வாசலை ஒட்டி வெயில் படாத பகுதியே முதலில் கழன்று போவதைப் பலரும் கண்டிருப்பார்கள். ஆகவே, பூசும் நாளின் பகல் வெப்பத்தை மட்டுமன்றி அன்றைய இரவின் வெப்பநிலையையும் பார்த்தே நாள் குறிக்க வேண்டும்.

ஒன்ராறியோவின் தென்பகுதியில் ஜூன் முதல் செப்டெம்பர் முற்பகுதி வரை இதற்கு ஏற்ற காலம். அதிலும் ஜூன் தொடக்கத்தில் மேப்பிள் விதைகளும் பொப்லர் மரத்துப் பஞ்சும் பறந்து ஈரப்பூச்சில் ஒட்டிக்கொள்ளும்; அருகில் அம்மரங்கள் நிற்பவர்கள் சற்றுப் பொறுக்கலாம். ஜூலையின் 30 பாகை நண்பகலும் உகந்ததன்று. மேற்பரப்பு முந்திக் காய்ந்து, அடியில் ஈரம் சிறைப்பட்டுவிடும். காலைப் பனித்துளி உலர்ந்தபின் தொடங்கி வெயில் ஏறுமுன் முடிப்பதே மேல். பூசுவதற்கு முந்திய நாளும் பிந்திய நாளும் மழை கூடாது. காயாத பூச்சு மழையில் கரைந்து தெருவோர வடிகாலில் இறங்கினால், அது சுத்திகரிக்கப்படாமலே ரூஜ் ஆற்றுக்கோ ஹைலண்ட் ஓடைக்கோ, அங்கிருந்து ஒன்ராறியோ ஏரிக்கோ போய்ச் சேர வாய்ப்புண்டு. காரை ஓரிரு நாள்கள் வெளியே விட வேண்டியிருப்பதால், வேறு அறிவித்தல் இல்லாத ரொறன்ரோத் தெருக்களில் மூன்று மணிநேரத்துக்கு மேல் நிறுத்தக்கூடாது என்ற விதியையும் முன்கூட்டியே யோசிப்பது நல்லது.

புதிதாகத் தார் போட்டவர்கள் முதற்கோடையில் அவசரப்பட வேண்டாம். அதிலுள்ள எண்ணெய்ப்பசை அடங்கி இறுக ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை விடுவது வழமை. ஏற்கெனவே பூசியவர்களுக்கும் ஆண்டுதோறும் பூச்சுத் தேவையில்லை. இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை போதும். அடுக்கடுக்காகப் பூசினால் அதுவே வெடித்து உரியும். கொஞ்சம் தண்ணீர் ஊற்றிப் பார்த்தால், முத்துமுத்தாக நிற்கிறதா (பழைய பூச்சு இன்னும் காக்கிறது), உடனே உறிஞ்சப்படுகிறதா (மறுபூச்சுத் தேவை) என்பதிலிருந்து ஓரளவு ஊகிக்கலாம். (வீட்டை விற்பதற்காக ஏப்ரல் குளிரில் பூசப்படும் கறுப்பு, விளம்பரப் படத்துக்கு மட்டுமே உதவும்.)

வாசலுக்கு வந்து "இன்றைக்கே செய்தால் பாதி விலை" என்பவர்களிடம், எந்த வகைச் சீலர், வெடிப்புகளை முதலில் அடைப்பார்களா, இரவு குளிருமென்றால் பூசும் தேதியைத் தள்ளிவைப்பார்களா என்று கேட்டு எழுத்தில் பெறுங்கள். வீட்டில் வைத்துக் கையொப்பமிடும் 50 டாலருக்கு மேற்பட்ட ஒப்பந்தத்தை 10 நாள்களுக்குள் காரணம் கூறாமலே ரத்துச் செய்ய ஒன்ராறியோவின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இடமளிக்கிறது. தங்கள் பத்திரிகையில் விளம்பரம் செய்வோரும் எந்த மாதம் வரை பூசுவார்கள் என்பதை விளம்பரத்திலேயே குறிப்பிடுமாறு தாங்கள் கேட்டுக்கொண்டால் உதவியாக இருக்கும்.

இங்ஙனம்,
ஸ்காபரோ வாசகர் ஒருவர்