சோதிக்காமல் மாற்றப்படும் ஆக்சிஜன் சென்சார்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பெட்ரோல் கார்களில் செக் இன்ஜின் விளக்கு எரிந்து, ஸ்கேனரில் (காரின் கணினியோடு இணைத்துப் பழுதுக் குறியீடுகளைப் படிக்கும் கருவி) பி0171 என்ற குறியீடு வந்ததுமே, கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்கு (புகையின் நச்சைக் குறைக்கும் பகுதி) முன்னால் உள்ள, புகையில் எஞ்சும் ஆக்சிஜனை அளக்கும் ஆக்சிஜன் சென்சாரைக் கழற்றிவிட்டுப் புதியதை மாட்டும் வழக்கம் நெல்லை வட்டாரப் பணிமனைகள் சிலவற்றில் உள்ளது. அக்குறியீடு காற்று-எரிபொருள் கலவையில் எரிபொருள் குறைவு என்று சொல்கிறதே தவிர, சென்சார் பழுது என்று சொல்லவில்லை.

சிர்கோனியா என்ற பீங்கான் பொருளைக் கொண்ட வகைச் சென்சார் ஏறத்தாழ 300 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடேறிய பிறகே ஒழுங்காக இயங்கும் என்பதால், இன்ஜினை நன்கு சூடாக்கிய பின், அதன் மின்னழுத்தம் 0.1 வோல்ட்டுக்கும் 0.9 வோல்ட்டுக்கும் இடையே விரைந்து ஏறி இறங்குகிறதா என்று ஸ்கேனரில் பார்க்க வேண்டும். (கலவையின் விகிதத்தையே அளந்து காட்டும் வைட்பேண்ட் சென்சார்களுக்கு இந்த அளவு பொருந்தாது.) எரிபொருள் குறைவு என்று காட்டித் தாழ்ந்தே நிற்கும் மின்னழுத்தம், கலவையில் எரிபொருளைக் கூட்டியவுடன் சட்டென்று உயர்ந்தால், சென்சார் நலமாகவே இருக்கிறது; இன்ஜினுக்குள் காற்று செல்லும் இன்டேக் பகுதியில் காற்றுக் கசிவோ, எரிபொருளைத் தெளிக்கும் இன்ஜெக்டரில் அடைப்போ, சென்சாருக்கு முன்னால் புகைக்குழாயில் விரிசலோ இருக்கக்கூடும். விரிசல் வழியே புகும் வெளிக்காற்று, நல்ல சென்சாரையும் பொய் சொல்ல வைத்துவிடும்.

சென்சாரை மாற்றும் முன் எடுத்த அளவீட்டைப் பணிமனைகள் ரசீதுடன் தர வேண்டும், பேட்டை ஐ.டி.ஐ. மாணவர்களுக்கும் இச்சோதனையைச் செய்முறையாகக் கற்பிக்கலாம்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
பாளையங்கோட்டை.