நம் கடை வைஃபை பற்றி வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

பத்து நாளாக ஏரியா வாட்ஸ்அப் குரூப்புகளில் ஒரு செய்தி சுற்றுகிறது. "வடக்கு மாசி வீதி ஜெராக்ஸ் கடை வைஃபையில் சேராதீர்கள், நம்பரை வாங்கி அக்கவுண்டில் பணம் எடுக்கிறார்கள்" என்று. கடைப் பெயர் போடவில்லை. ஆனால் வாசலில் வைஃபை போர்டு தொங்கும் ஜெராக்ஸ் கடை எது என்று இந்த வீதிக்கே தெரியும். கல்லாவில் வந்து கேட்டவர்களுக்குப் பதில் சொல்லிவிட்டோம். கேட்காமலே எதிர்ப்பக்கமாக நடந்து போகிறவர்களுக்குத்தான் இந்த மடல்.

போன் நம்பர் கேட்பது நாங்களாக வைத்த வழக்கம் இல்லை. பொது இடத்தில் வைஃபை கொடுத்தால், பயன்படுத்துகிறவர் யார் என்று உறுதி செய்தாக வேண்டும், அதற்குத்தான் ஓடிபி. ரயில்வே ஸ்டேஷனிலும் அப்படித்தான். நம் கடை இருப்பது பிஎம்-வாணி திட்டத்தில். 2020 டிசம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. டீக்கடை, மளிகைக்கடை என்று யாரும் லைசென்ஸ் இல்லாமல், பதிவுக் கட்டணம் இல்லாமல் வைஃபை கொடுக்க வழி செய்த திட்டம் அது. அதில் கடைக்காரர் வேலை லைன் எடுத்து ரௌட்டர் மாட்டுவதோடு முடிந்தது. உங்கள் நம்பரும் லாகின் பதிவும் போவது, பல கடைகளைச் சேர்த்து நடத்தும் நிறுவனத்துக்கு. எங்கள் கல்லாவுக்கு வராது.

எங்களுக்கு என்ன தெரியும் என்பதையும் ஒளிக்காமல் சொல்கிறோம். ரௌட்டர் பக்கத்தைத் திறந்தால் எத்தனை போன் இணைந்திருக்கிறது, போனின் மாடல் பெயர், எத்தனை எம்பி ஓடியது, இவ்வளவுதான். போன் எந்தத் தளத்துக்குப் போகிறது என்ற பெயர் லைனில் தெரிய வாய்ப்பு உண்டு. அங்கே நீங்கள் என்ன டைப் செய்கிறீர்கள் என்பது தெரியாது. பேங்க் ஆப்பும் யுபிஐ ஆப்பும் எல்லாவற்றையும் பூட்டித்தான் அனுப்புகின்றன. அந்தப் பூட்டு உங்கள் போனில் ஆரம்பித்து பேங்க் சர்வரில்தான் திறக்கும். நடுவில் இருக்கிற ரௌட்டரிடம் சாவி கிடையாது. எஸ்எம்எஸ்ஸில் வரும் பேங்க் ஓடிபியோ உங்கள் சிம் கம்பெனி வழியாக வருவது, எங்கள் ரௌட்டரால் அதைப் படிக்க முடியாது. சந்தேகம் இருந்தால் வாருங்கள், மானிட்டரை உங்கள் பக்கமே திருப்பி வைக்கிறோம்.

அப்படியென்றால் பணம் போக வழியே இல்லையா? உண்டு. யார் வேண்டுமானாலும் தன் போன் ஹாட்ஸ்பாட்டுக்கு நம் கடைப் பெயரையே வைக்கலாம், அதைத் தடுக்க எங்கள் ரௌட்டரால் முடியாது. அதில் சேர்ந்தால் நம்முடையதைப் போலவே ஒரு பக்கம் திறக்கும். 'ஒரு ரூபாய் கட்டினால் நாள் முழுக்க இலவசம்' என்று சொல்லி கார்டு நம்பர் கேட்கும், அல்லது ஒரு ஏபிகே ஃபைலை, அதாவது பிளே ஸ்டோருக்கு வெளியே இருந்து வரும் ஆப்பை, இறக்கச் சொல்லும். அங்கேதான் பணம் போகிறது. நம் லாகின் பக்கம் கேட்பது இரண்டே விஷயம்: போன் நம்பர், அதற்கு வரும் ஓடிபி. கார்டு நம்பர், யுபிஐ பின், ஆதார் எதுவும் கேட்காது. எந்த ஃபைலையும் இறக்கச் சொல்லாது. கேட்டால் உடனே வைஃபையை அணைத்துவிட்டு எங்களிடம் காட்டுங்கள். பணம் போயிருந்தால் நேரத்தைக் கடத்தாமல் 1930க்கு அழையுங்கள். அது சைபர் குற்றப் புகாருக்கான எண். பணம் அடுத்தடுத்த கணக்குக்கு மாறுவதற்குள் சொன்னால்தான் நிறுத்தி வைக்க முடியும்.

இனி கனெக்ட் ஆகாத பிரச்சினை. பேரைத் தொட்டதும் சேர்ந்துவிடும், ஆனால் 'இன்டர்நெட் இல்லை' என்று காட்டும். லாகின் பக்கம் திறக்கவில்லை என்பதுதான் அதற்கு அர்த்தம். முதலில் மொபைல் டேட்டாவை அணையுங்கள். அது ஓடிக்கொண்டிருந்தால் போன் நைசாக அந்தப் பக்கம் போய்விடும். விபிஎன், அதாவது நெட்டை வேறு சர்வர் வழியாகத் திருப்பிவிடும் ஆப், இருந்தால் நிறுத்துங்கள். ஆண்ட்ராய்டு செட்டிங்ஸில் 'பிரைவேட் டிஎன்எஸ்' என்ற இடத்தில் ஏதாவது பெயர் போட்டிருந்தால் 'ஆட்டோமேட்டிக்' ஆக்குங்கள். விளம்பரத்தைத் தடுக்க என்று யாரோ போட்டுக் கொடுத்திருப்பார்கள், பெரும்பாலும் சிக்கல் அங்கேதான். பிறகு வைஃபை பட்டியலில் நம் பெயரை மறுபடி தொட்டால் 'சைன் இன்' வரும். ஐபோனில் திரும்பத் திரும்ப ஓடிபி கேட்டால், 'பிரைவேட் வைஃபை அட்ரஸ்' என்பதை 'ரொட்டேட்டிங்'கில் இருந்து 'ஃபிக்ஸட்'டுக்கு மாற்றுங்கள்.

சிக்னல் எங்கே நன்றாகக் கிடைக்கும் என்றால், வாசல் படியிலும் இடது பக்க பெஞ்சிலும். பட்டியலில் 5ஜி என்று முடிகிற பெயர் வேகம் அதிகம், ஆனால் சுவர் தாண்டினால் சட்டென்று குறையும், படியில் உட்கார்ந்தால் அதை எடுங்கள். சிம்மின் 5ஜிக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. எதிர்ச்சாரியில் நிற்பவர்களுக்கு மற்ற பெயர்தான் எட்டும். அது 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையில் ஓடுவது. ஒன்றோடொன்று மோதாத சேனல், அதாவது சிக்னல் ஓடும் தடம், அதில் மூன்றே மூன்று. சுற்றியுள்ள கடை ரௌட்டர்கள் எல்லாம் அதில்தான் நெருக்கியடிக்கின்றன. மதியம் ஷட்டரைப் பாதி இறக்கியிருந்தால் தகரம் சிக்னலை மறைக்கும், குரல் கொடுங்கள், தூக்கிவிடுகிறோம். சித்திரைத் தேரன்று மாசி வீதியில் டவரே திணறும், அன்று நம் வைஃபையும் மெதுவாகத்தான் இருக்கும்.

நம் கடை மூடியிருக்கும் நேரத்தில் மதுரை ஜங்ஷனில் ரயில்வேயின் ரெயில்டெல் நிறுவனம் தரும் வைஃபை இருக்கிறது. பட்டியலில் ரெயில்வயர் என்று வரும். ஓடிபி போட்டால் ஒரு நாளைக்கு முதல் 30 நிமிடம் இலவசம், வேகம் 1 எம்பிபிஎஸ். வாட்ஸ்அப், டிக்கெட் பார்க்கப் போதும், வீடியோ திணறும். பிளாட்பாரத்தில்தான் நன்றாக எடுக்கும். வைஃபை தரும் மற்ற கடைகளைத் தேட, பிஎம்-வாணி திட்டத்துக்கான ஆப் ஒன்றை பிளே ஸ்டோரில் இருந்து இறக்கி, லொகேஷனை ஆன் செய்து பாருங்கள், பக்கத்தில் உள்ளவை பட்டியலாக வரும். பட்டியலில் இருப்பதெல்லாம் ஓடுகிறது என்று நம்பி நடக்க வேண்டாம், கடைக்காரர் அணைத்திருந்தாலும் பெயர் நிற்கும். ஆப்பை இறக்கிப் பதிவு செய்யவே நெட் வேண்டும் என்பதால், பேக் தீருவதற்கு முன்பே வீட்டில் செய்துவிடுங்கள்.

கவுண்டரைப் பார்த்துக்கொண்ட தம்பி வேறு வேலைக்குப் போய்விட்டார், லைன் வாடகையும் கூடிவிட்டது. ஆகவே 1ஆம் தேதி முதல் இலவச நேரம் ஒரு மணி நேரத்துக்குப் பதில் அரை மணி நேரம், அதற்கு மேல் நாள் ஒன்றுக்கு 5 ரூபாய். ஞாயிறு மதியத்துக்கு மேல் விடுமுறை.

டிஎன்பிஎஸ்சி ஹால் டிக்கெட் எடுக்க வரும் பிள்ளைகளும், கோயிலுக்குள் செல்போன் விடாததால் வெளியே வந்ததும் வீட்டுக்குப் பேச நம் படியில் உட்காரும் வெளியூர்க்காரர்களும், அந்த வாட்ஸ்அப் செய்தியைப் பார்த்த பிறகும் "நமக்குத் தெரியாதா" என்று வந்து சேர்ந்த இந்த வீதி அண்ணன்மாரும் அக்காமாரும்தான் எங்களுக்குத் தெம்பு. உங்களுக்கு எங்கள் மனமார்ந்த நன்றி. குரூப்பில் அந்தச் செய்தி மறுபடி வந்தால், இந்த மடலைப் போட்டுவிடுங்கள். எந்தப் பெயரில் சேர வேண்டும் என்பதைக் கல்லாவுக்கு மேலே பெரிய எழுத்தில் ஒட்டியிருக்கிறோம். எழுத்துக்கு எழுத்து சரிபார்த்துவிட்டுச் சேருங்கள்.

இப்படிக்கு,
கடை நிர்வாகம்,
வடக்கு மாசி வீதி, மதுரை