கடல் கடந்த கீழக்கரை முதலாளிமார்களுக்கு

அன்புள்ள வாப்பாமார்களுக்கும் காக்காமார்களுக்கும், அஸ்ஸலாமு அலைக்கும்.

நம்மூர்க்காரர் நாலு பேர் கூடினால், அது துபாயானாலும் கொழும்பானாலும், பேச்சு பி.எஸ்.அப்துர் ரஹ்மானில் வந்து நிற்கும். 1927இல் இங்கே பிறந்து, சின்ன வயதிலேயே கொழும்புக்குப் போய் ரத்தினக்கல் வியாபாரம் பழகி, ஹாங்காங் வரை போனவர். 1973இல் அல் குரைர் குடும்பத்தோடு சேர்ந்து துபாயில் ஈ.டி.ஏ. நிறுவனத்தைத் தொடங்கினார். அதே வருடம் சென்னையில் திறந்த ஜெமினி மேம்பாலமும் அவர் கம்பெனி கட்டியதுதான். அதில் போகும்போது பிள்ளைகளிடம் அதைச் சொல்லாத கீழக்கரை வாப்பா உண்டா?

எனக்கு அந்தப் பாலத்தைவிட, வண்டலூரில் அவர் தொடங்கிய கல்லூரியைவிட, பெரிதாகத் தெரிவது 1988இல் நம் ஊரிலேயே பெண்களுக்காகத் தொடங்கிய தாசிம் பீவி அப்துல் காதர் கல்லூரி. ராமநாதபுரத்துக்கு பஸ் ஏற்றிவிடவே தயங்கிய வீடுகள்கூட, கல்லூரி உள்ளூரிலேயே என்றதும் சரி என்றன. நானும் அப்படிப் படித்தவள்தான். பி.காம்.

அப்புறம்? என்னோடு படித்தவர்களில் பாதிப் பேரின் சான்றிதழ் பீரோவில் கல்யாணப் புடவைக்கு அடியில் கிடக்கிறது.

எங்கள் தெருவில் ஒரு லாத்தா, அக்கா முறை, தொதல் என்ற இனிப்பைச் செய்து விற்கிறார். தேங்காய்ப்பாலும் கருப்பட்டியும் அரிசி மாவும் சேர்த்து, அடி பிடிக்காமல் மணிக்கணக்கில் கிண்ட வேண்டும். கை ஓய்ந்தால் போச்சு. கிண்டி முடித்த கையோடு எக்செல் திறந்து அன்றைய கணக்கைப் போட்டுவிடுவார், அவரும் பி.காம். பெரிய உருளியும் பேக்கிங் மெஷினும் வாங்கலாமென்று ஒரு வங்கியில் கடன் கேட்டார். வீட்டுக்காரர் நேரில் வந்து கையெழுத்துப் போட வேண்டுமாம். வீட்டுக்காரர் ஷார்ஜாவில். ஃபைல் அங்கேயே நிற்கிறது.

நீங்கள் ஊருக்குக் கொடுப்பதில் குறையில்லை. ஜகாத், படிப்புச் செலவு, பள்ளிவாசல் வேலை என எல்லாவற்றுக்கும் வருகிறீர்கள். பெண்களின் தொழிலுக்கு என்று கேட்டால் மட்டும் தையல் மெஷின் வந்துவிடுகிறது! தைக்கத் தெரிந்தவர்களுக்கு அது சரி. கணக்குப் படித்தவள் அதை வைத்து என்ன செய்வாள்?

2018இல் அமீரகத்தில் வாட் வரி வந்த பிறகு உங்கள் கடைகளின் பில், இன்வாய்ஸ் வேலை எவ்வளவு கூடியது என்று உங்களுக்கே தெரியும். அதை எங்கோ யாருக்கோ கூலி கொடுத்துப் பார்த்துக்கொள்கிறீர்கள். இங்கே உங்கள் மார்பிள் வீடுகள் பூட்டிக் கிடக்கின்றன, வாட்ச்மேன் குரோட்டன்ஸுக்குத் தண்ணீர் ஊற்றுகிறார். அதில் ஒரு ஹாலைத் திறந்து, இன்டர்நெட்டும் இன்வெர்ட்டரும் போட்டு, அந்தக் கணக்கை எங்களிடம் தாருங்கள். வாட் புதிது என்றால் ஒரு மாதம் சொல்லிக் கொடுங்கள், பிடித்துக்கொள்வோம். பி.எஸ்.ஏ. எத்தனையோ பேரை சபருக்கு, வெளிநாட்டு வேலைக்கு, அழைத்துப் போனார். நாங்கள் போக முடியாது, வேலை வரலாம்.

நோன்புப் பெருநாளுக்கு வருவீர்கள். விருந்துகளுக்கு நடுவே ஒரு நாள் அஸர் தொழுகைக்குப் பின் எங்களுக்கு நேரம் ஒதுக்குங்கள். யார் யாருக்கு என்ன வேலை தெரியும் என்ற பட்டியலோடு வருகிறோம். அன்றைக்கே சம்பளமும் பேசிவிடலாம். உதவித்தொகை என்று கவர் மட்டும் நீட்ட வேண்டாம்.

இப்படிக்கு,
தாசிம் பீவி கல்லூரியின் பழைய மாணவி ஒருத்தி,
கீழக்கரை